ஒருசந்தி முடிந்த பிறகு

தவக்காலம் முழுவதும் என் மகள் ஆஷ்லின் ஒருசந்தி இருந்தாள். மதியம் மட்டும் சாப்பாடு, மற்றபடி தண்ணீர். கோயிலில் சாமியார் அவளைப் பாராட்டியபோது, தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்துப் பிள்ளை வேறு எப்படி இருப்பாள்?

ஈஸ்டர் அன்று பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள்.

"மச்சான், அண்டாவ ஒளிச்சு வைங்க. எனக்கு மிஞ்சாது" என்று சிரித்தான் என் மைத்துனன் ஸ்டீபன்.

"உங்க தொப்பைக்கு இம்புட்டுப் போதும் மாமா" என்றாள் அவள்.

சற்று நேரத்தில் குளியலறையில் குழாய்ச் சத்தம். அதையும் மீறி வாந்தி எடுக்கும் சத்தம். என் மனைவி ஆனிமேரி முகம் வெளுத்தாள்.

"என்னங்க, இது தினமும் கேக்குது."

கல்யாணமாகாத பெண்.

நாங்கள் குடியிருக்கும் தல்லாகுளத்தில் எல்லோருக்கும் எங்களைத் தெரியும். அதனால் மறுநாள் தள்ளியிருக்கும் பழங்காநத்தத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ஆட்டோவில் மகளின் முகத்தை நான் பார்க்கவேயில்லை.

பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கர்ப்பம் இல்லைங்கய்யா."

"ஆண்டவரே, மானம் தப்பிச்சுச்சு!"

"பயப்பட வேண்டியது இனிமேதான்." டாக்டர் ஆஷ்லினின் கையைத் திருப்பிக் காட்டினார். விரல் முட்டிகளில் தழும்பு. "விரல விட்டு வாந்தி எடுக்கிறா. பல்லு பட்ட காயம் இது."

"ஒருசந்திதானே இருந்தா?"

"பட்டினியாவே கிடக்கிறது ஒரு வகை நோய், உடம்பு வத்தி வெளிய தெரிஞ்சுரும். நிறுத்த முடியாமத் தின்னுக்கிட்டே இருக்கிறது இன்னொரு வகை. இவ பட்டினி கிடந்து, அள்ளித் தின்னு, வாந்தி எடுக்கிறா. எடை பெருசா மாறாது, வீட்டுல தெரியாது. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இதயமே நின்னுரலாம். ஆம்புலன்ஸ் சொல்றேன். மனநல டாக்டரும் பாக்கணும்."

மனநலம். ஊர் என்ன சொல்லும்?

"வீட்டுலயே வச்சுப் பாத்துக்கிறோமே..."

"அப்பா, நிறுத்த முடியலப்பா" என்றாள் ஆஷ்லின். "நெஞ்சு என்னமோ பண்ணுது."

அப்போது என் போன் அடித்தது. எங்கள் கோயில் பங்குப்பேரவைச் செயலாளர் ஆசீர்வாதம்.

"சார், ஞாயித்துக்கிழமை பாப்பா ஒருசந்தி பத்தி நாலு வார்த்தை பேசட்டுமே. மத்த பிள்ளைகளும் கத்துக்கிரும்."

மற்ற பிள்ளைகளும். மகளின் விரல் தழும்பைப் பார்த்தேன்.

"வேண்டாம் ஆசீர்வாதம். அவளுக்குச் சாப்பாட்டு நோய். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்க."

டாக்டரிடம் திரும்பி, "ஆம்புலன்ஸ் சொல்லுங்கம்மா" என்றேன்.

மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாடி துடித்தது. ஒரு கணம் நின்றது. மீண்டும் துடித்தது.