பூகம்பத்துக்கு வந்த மயக்கம்

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். கத்துகிற ரகமும் இல்லை, எதையாவது தூக்கிப் போட்டு உடைக்கிற ரகமும் இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து ரிட்டயர் ஆன மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் பால்வாடிப் பிள்ளைதான்.

இதில் அவருக்கு ஒரு லாபமும் இருந்தது. ஆள் சர்க்கரை வியாதிக்காரர். ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால், காலையில் விரலைக் குத்திப் பார்க்கும்போது மெஷினில் எண் ஜோராகக் குறைந்திருக்கும். வாக்கிங் கூட்டாளிகளிடம் அதைச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொள்வார். சுகர் ஏறினால்தான் ஆபத்து, இறங்க இறங்க நல்லது என்பது அவர் கட்சி. டாக்டர் அப்படிச் சொல்லவில்லையே என்று மனைவி வாயைத் திறந்தால், "டாக்டரையும் நான்தான் வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்து ரோட்டுல விட்டேன்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நேற்று ராத்திரிச் சண்டை நாய்க்குட்டிக்குப் பேர் வைப்பதில் வந்தது. மகள் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போன குட்டி. உள்ளங்கையில் உட்கார வைத்தால் விரல்கள் மிச்சம் இருக்கும். முழுசாக வளர்ந்தாலும் கைப்பைக்குள் அடங்கிவிடும் ஜாதியாம். அதற்கு வாத்தியார் யோசித்து யோசித்து வைத்த பேர் பூகம்பம்.

மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூகம்பமாம்டி! தெருவுல நின்னு 'பூகம்பம், பூகம்பம்'னு உங்கப்பா கூப்பிட்டா, அத்தன வீட்டுக்காரங்களும் புள்ளகுட்டியத் தூக்கிட்டு வெளிய ஓடி வந்துருவாங்க!"

அந்தப் பக்கம் மகளும் கெக்கெக்கே என்று சிரித்தாள். வாத்தியார் அப்போதுதான் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தட்டைத் தள்ளினார், எழுந்தார், போய்ப் படுத்துவிட்டார்.

"என்னங்க, மாத்திரை போட்டுட்டீங்க. ரெண்டு வாயாவது சாப்பிட்டுப் படுங்க."

"பசிக்கல."

"சரி, பூகம்பம்னே வெச்சுக்கலாம். எந்திரிங்க."

"எனக்குப் பசிக்கலன்னு சொன்னேன்."

அவள் ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குட்டியைத் தன் பக்கத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, 'உனக்கும் எனக்கும்தாண்டா இந்த வீட்டுல மரியாதை இல்லை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார். குட்டிக்கு ஒரு பழக்கம் உண்டு. வாத்தியார் தரையில் தட்டோடு உட்கார்ந்தால்தான் அதுவும் கிண்ணத்தில் வாய் வைக்கும். அவர் உட்காரவில்லை, அதுவும் வாய் வைக்கவில்லை. அவள் கொடுத்திருப்பாள் என்று அவர் நினைத்தார். தன் பக்கத்தில் போட்டுக்கொண்டவர் கொடுக்காமலா இருப்பார் என்று அவள் நினைத்தாள்.

விடிந்தது. வாத்தியாருக்குத் தலை லேசாகக் கிறுகிறுத்தது, கைவிரல்கள் நடுங்கின. கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது என்று அதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார். கூடையில் குட்டி சத்தமே இல்லாமல் கிடந்தது. வழக்கமாக இந்நேரம் அவருடைய கால் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருக்கும். 'பரவாயில்லையே, ஒழுக்கம் வந்துவிட்டது' என்று அதைத் தூக்கித் தரையில் விட்டார்.

குட்டி நின்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு கால்களும் நாலு திசைக்குப் போக, கட்டில் காலில் போய் முட்டிக்கொண்டது. வாத்தியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவியோடு பேசக் கூடாது என்ற வைராக்கியம்கூட மறந்துபோனது.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! தண்ணியடிச்சவன் மாதிரி நடக்குது! இவனுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா ரோடு தாங்குமா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் குட்டி பொத்தென்று விழுந்தது. தலை பின்னால் வளைந்தது. கால்கள் காற்றில் எதையோ மிதித்தன, வெடுக் வெடுக்கென்று. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவரைப் பார்க்கவில்லை. வாத்தியாரின் சிரிப்பு நின்றுவிட்டது. குனிந்து தொட்டார். சில்லென்று இருந்தது. உயிருள்ள ஒன்று அப்படிச் சில்லிடுமா! கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். பார்த்தாள். ஒரே பார்வைதான். மண்டியிட்டு, குட்டியின் உதட்டை விரலால் தூக்கி ஈறைப் பார்த்தாள். வெளிறிக் கிடந்தது.

"சுகர் எறங்கிருச்சு," என்றாள்.

"என்னது?"

"சுகர்ங்க, சுகர்! கொறஞ்சுருச்சு. நேத்து ராத்திரி சாப்பிட்டுச்சா இது?"

"நாய்க்கு ஏதும்மா சுகர்? சுகர் எனக்குல்ல?"

"ஐயோ, நின்னு பேசாதீங்க! நாய் டாக்டருக்குப் போனப் போடுங்க, ஃப்ரிட்ஜ் மேல நம்பர் ஒட்டியிருக்கு பாருங்க!"

அவள் குரலில் அப்படி ஒரு அதட்டலை வாத்தியார் இதுவரை கேட்டதில்லை. ஓடினார். நல்லவேளை, டாக்டரம்மா உடனே எடுத்தாள். குட்டி எத்தனை சின்னது, ராத்திரி சாப்பிடவில்லை, எப்படித் துடிக்கிறது என்று வாத்தியார் குழறிக் குழறிச் சொன்னார். "வெல்லப்பாகு, தேன், குளுக்கோஸ், எது கைக்குக் கிடைக்குதோ ஈறுல தேய்ங்க சார்," என்றாள் டாக்டரம்மா. இந்த வீட்டில் தேனுக்கும் வெல்லத்துக்கும் எங்கே போவது? சர்க்கரை என்ற பொருள் இந்தச் சமையலறைக்குள் நுழைந்து வருஷக்கணக்காகிறது. வாத்தியாரின் கண்ணில் பட்டது அவர் காப்பியில் போட்டுக்கொள்ளும் பொடி டப்பா. அதுவும் தித்திக்கிறதுதானே! அதைத் தூக்கிக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டபடி அறைக்குள் பாய்ந்தார்.

"டாக்டர், சுகர் பேஷண்ட் போடுற இனிப்புப் பொடி இருக்கு, அதத் தடவட்டுமா?"

"தொடாதீங்க!" போன் அலறியது. "சார், அதுல சிலது நாய்க்கு வெஷம்! இருக்கிற சுகரையும் எறக்கிவிட்டுரும்! தூரப் போடுங்க!"

டப்பா அவர் கையிலிருந்து நழுவி உருண்டு ஓடியது. ஒரு சிட்டிகை அந்த வாயில் போட்டிருந்தால்?

அதற்குள் மனைவி எழுந்து கட்டிலுக்குப் போனாள். தன் தலையணையைத் தூக்கினாள். அடியிலிருந்து ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்தாள். வாய் மடித்து கிளிப் போட்ட பாக்கெட். பாதி தீர்ந்திருந்தது.

வாத்தியார் முழித்தார். இது எப்படி இங்கே? அவள் பொடியைக் கிண்ணத்தில் கொட்டி, ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, சுண்டுவிரலால் குட்டியின் ஈறில், கன்னத்தின் உள்பக்கத்தில், நாக்குக்கு அடியில் தேய்த்தாள்.

"வாய்க்குள்ள ஊத்திராதீங்கம்மா," என்றது போன். "முழுங்க முடியாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும்."

"தெரியும் டாக்டர். தடவத்தான் செய்றேன்."

"துணி சுத்தி சூடா வெச்சுக்கங்க. கண்ணு தொறந்து பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரி, உடனே கிளம்பி வாங்க."

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "வாடா தங்கம், வா, வா," என்று முனகினாள். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். அப்புறம் கால்களின் வெட்டல் நின்றது. குட்டியின் நாக்கு, ஒரு வெற்றிலை நரம்பளவு நாக்கு, மெதுவாக நீண்டு அவள் விரலைத் தேடியது.

"நக்குதுடி!" என்று கத்தினார் வாத்தியார். கல்யாணமான புதிதில்கூட அவளை அவர் 'டி' போட்டதில்லை.

அவள் அதற்குச் சந்தோஷப்படவில்லை. குட்டியைத் துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்தாள். அதே கையோடு ஒரு ஸ்பூன் பொடியை அள்ளி, "வாயத் தொறங்க," என்றாள்.

"எனக்கா? எனக்கு எதுக்கு?"

"உங்க சட்டையப் பாருங்க, எப்படி வேர்த்திருக்குன்னு. தொறங்க."

மறுபேச்சுப் பேசாமல் திறந்தார். கூடவே நாலு பிஸ்கட்டையும் கையில் திணித்துத் தின்ன வைத்தாள். கார் சாவியை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து உயிரை வாங்குகிறவர், அன்றைக்கு அவள் குறுக்குச் சந்தில் ஹாரன் அடிக்காமல் திரும்பியதைக்கூடக் கவனிக்கவில்லை. துண்டுக்குள் விரலை விட்டு அந்தத் துளியூண்டு நெஞ்சு அடித்துக்கொள்வதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

டாக்டரம்மா குட்டியின் காது நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். வாத்தியார் வீட்டில் இருப்பது போன்ற மெஷின்தான். எண்ணைப் பார்த்து அவள் புருவத்தைத் தூக்கினாள். "இவ்வளவு தடவினதுக்கு அப்புறமும் இதுதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவ்வளவுதான்." மடமடவென்று ஊசி ஏற்றி, டிரிப் போட்டு, அடியில் சூடான தண்ணீர்ப் பையை வைத்தாள்.

"இவ்ளோ சின்னக் குட்டிக்கு உடம்புல சேத்து வெக்கவே இடம் கிடையாது சார். ஒரு வேளை விட்டாலே ஆளக் கவுத்துரும். தள்ளாடும், சோந்து கிடக்கும். நெறைய பேரு தூங்குதுன்னு நெனச்சு விட்டுருவாங்க." பிறகு மனைவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க எப்படிம்மா பாத்த ஒடனே கண்டுபுடிச்சீங்க? முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்," என்றாள் மனைவி, குட்டியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். "இவரு ரெண்டு தடவ இப்படித்தான் கெடந்தாரு."

யாரைச் சொல்கிறாள் என்பதுபோல வாத்தியார் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"நானா?"

"ஆமா. நடு ராத்திரில. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாமப் படுத்த அன்னிக்கெல்லாம் எனக்கு பயம்தான். ஒடம்பு சில்லுன்னு வேர்த்துக் கொட்டும். கூப்பிட்டா முழிச்சுப் பாப்பீங்க, ஆனா நான் யாருன்னு தெரியாது. ஒருதரம் கை கால் இப்படித்தான் வெட்டுச்சு. பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல தேய்ச்சேன். பாதி தலகாணிலதான் போச்சு."

வாத்தியாரைத் தூக்கிவாரிப்போட்டது. தலையணை! ஒருநாள் காலையில் அவர் தலையணை முழுக்க எறும்பு மொய்த்துக் கிடந்ததே. என்ன பொம்பளை நீ, படுக்கையைக்கூட சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா என்று காச்சு காச்சென்று காச்சினாரே. அவள் ஒரு வார்த்தை பேசாமல் உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டாளே. அடப்பாவி, செத்துப் பிழைத்த அன்றைக்கா அவளை அந்தத் திட்டு திட்டினேன்!

"இன்னிக்கே போய் உங்க டாக்டரப் பாருங்க சார்," என்றாள் டாக்டரம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை. "மாத்திரை அளவ மாத்தணும். இது வெளையாட்டில்ல."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பேர் எழுதுகிற பெண் குட்டியின் பேரைக் கேட்டாள். "பூகம்பம்," என்றாள் மனைவி, இம்மிகூடச் சிரிக்காமல்.

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் சொல்லல எங்கிட்ட?"

"எறங்குனாலும் ஆபத்துன்னு டாக்டர் சொன்னதச் சொன்னேனே, கேட்டீங்களா? சரி, நீங்க இப்படிக் கெடந்தீங்கன்னு சொன்னா என்னாகும்? பயந்துக்குவீங்க. படுத்தாத் தூக்கம் வராது உங்களுக்கு. வீட்டுல ஒருத்தர் முழிச்சிருந்தாப் போதாதா?"

"அப்ப நேத்து?"

"நேத்தும்தான். கழுத்துல கை வெச்சு வெச்சுப் பாத்துட்டே இருந்தேன்." அவள் குரல் உடைந்தது. "உங்களையே பாத்துட்டு இருந்துட்டேன். அந்தப் பக்கம் கூடைல இது இருக்குன்னு தோணவே இல்ல. பச்சப் புள்ளய கோட்ட விட்டுட்டேனே!"

பழி தன்மேல் என்று அவள் அழுகிறாள். என்ன சொன்னாலும் அந்த ராத்திரிகளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? வாத்தியார் எழுந்தார். எதிர்க் கடைக்குப் போய் நாலு பன்னும் ஒரு டம்ளர் பாலும் வாங்கிவந்தார். அவளுக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, ரெண்டு பன்னை அவளிடம் கொடுத்தார். தன் பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்காமல் அடுத்ததைப் பிய்த்தார்.

"மெதுவா," என்றாள் அவள். ஒவ்வொரு வாயும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முழுசையும் தின்று, பாலைக் கவிழ்த்து, வெறும் டம்ளரை அவளிடம் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். தன் பன்னைக் கையில் பிடித்தபடியே, அந்தப் பட்டப்பகலில், நாய்கள் குரைக்கிற இரைச்சலுக்கு நடுவே, தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்து, "குட்டி எந்திரிச்சு உக்காந்துருச்சு சார்! வாங்க ரெண்டு பேரும்!" என்று உரக்கக் கூப்பிட்டாள். வாத்தியார் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கினார். தான் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் உள்ளே போனார்.