மருமகன் எடுத்த மெஷின்

கல்முனைக்குடியில் உழவு ட்ராக்டரை யாரும் ட்ராக்டர் என்று சொல்வதில்லை, மெஷின் என்றுதான் சொல்வார்கள். சட்டை தைப்பதும் மெஷின்தான், தண்ணீர் இறைப்பதும் மெஷின்தான். ஆனாலும் 'நளீம் மெஷின் எடுக்கப் போறானாம்' என்றால் எந்த மெஷின் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். அவன் கட்டாரிலிருந்து வந்து பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்தக் கதை தெருவைச் சுற்றிவிட்டது.

நளீம் என் தங்கை பாஹிமாவின் கணவன். மகள் ஆகிலா பிறந்தபோது அவன் கட்டாரில் இருந்தான். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் அங்கேதான் இருந்தான். போன தடவை விடுமுறையில் வந்தபோது பிள்ளை உம்மாவின் காதுக்குள், "இவர் எப்ப போவார்?" என்று கேட்டிருக்கிறாள். அது அவனுக்கும் கேட்டுவிட்டது. அன்றைக்கே முடிவெடுத்தான், அந்தத் தவணையை முடித்து வந்தால் இனிக் கடல் கடந்து போவதில்லை. சேர்த்ததை ஒரு மெஷினில் போட்டு, கரைவாகு வட்டை வயல்களில் கூலிக்கு உழுது பிழைத்துக்கொள்வது. மெஷின் ஓடினால் நளீம் வீட்டில் இருப்பான். ஓடாவிட்டால் மறுபடியும் கட்டார். இது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் சொறிக்கல்முனைக்குப் போனோம். புண்ணியமூர்த்தி அண்ணன் தன் பழைய மெஸ்ஸி மெஷினை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு நான்தான் மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றிப் போனேன். சிவப்பு நிறம் வெளுத்து, இருக்கையில் உரச்சாக்கு மடித்துப் போட்டிருந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லைதான்.

"முழங்கால் விடுதில்ல தம்பி. கிளச்சு மிதிச்சா மறுகா ரெண்டு நாளைக்கு நடக்க ஏலாமக் கிடக்கு. இல்லாட்டி இத நான் விப்பனா?" என்றார் புண்ணியமூர்த்தி.

"குறை என்ன இரிக்கி அண்ணன்? மறைக்காமச் சொல்லுங்க."

"எண்ணெய் கொஞ்சம் குடிக்கும். மழைக்குள்ள ஸ்டார்ட் எடுக்கக் கொஞ்சம் கெஞ்சோணும். வேற ஒண்டுமில்ல. உடைஞ்சாலும் பயமில்ல, கல்முனைச் சந்தையில தேங்காய் வாங்கிற மாதிரி இதுக்குச் சாமான் வாங்கலாம்."

நளீம் அதை வயலுக்குள் இறக்கினான். கரைவாகுச் சேறு சும்மா சேறு அல்ல, தெரியாத ஆளை இடுப்பு வரைக்கும் இழுத்துக்கொள்ளும். மெஸ்ஸி உறுமிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வரம்பில் ஏறி நின்றது. இறங்கி வந்தவனின் முகத்தைப் பார்த்தேன். ஆகிலாவை முதன்முதல் தூக்கியபோதுதான் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். இது அவனுக்குப் பிடித்துவிட்டது, சந்தேகமே இல்லை.

மற்றது டவுனில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. புதுக் கம்பெனி. பெயர் இன்னும் ஊர் வாய்க்குள் நுழையவில்லை. பளபளவென்ற நீலம், சிறிய உடம்பு, எழுத்தில் கேரன்டி. புதிது என்று பார்த்தால் மலிவுதான். ஆனால் நளீம் சேர்த்தது முழுவதும் அதற்குள் போய்விடும். மெஸ்ஸி என்றால் பாதியோடு முடியும். கடைக்காரப் பெடியன் வண்ணக் கடதாசி ஒன்றைக் கையில் திணித்தான். நளீம் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கேடு அந்தக் கடதாசியில்தான் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். நானும் சாய்ந்தமருதில் ஒரு வீட்டு மருமகன். கறியில் உப்புக் குறைந்தால் சொல்லவே எனக்குப் பத்து வருடம் எடுத்தது. நளீமோ எங்கள் உம்மா வீட்டில் இருந்ததெல்லாம் விடுமுறை நாட்கள்தான். அதோடு என் உம்மா சல்மா உம்மா பழைய வழக்கத்துக்காரி. மருமகனோடு நேரே கதைக்கமாட்டார். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு அறை வாசலில் நின்று மகளிடம் சொல்வார், மருமகனுக்குக் கேட்கிற அளவில் சொல்வார். மருமகனும் மரியாதைக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும். பதிலை மகள் கொண்டுபோவாள். பாஹிமாதான் அந்த வீட்டின் தபால் கந்தோர்.

அன்று பின்னேரம் நளீம் அந்தக் கடதாசியை மேசையில் விரித்து வைத்தான். 'இதெல்லாம் எதுக்கு, பழசே போதும்' என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் வைத்தானாம். பாஹிமா தேத்தண்ணியோடு வந்து படத்தைப் பார்த்தாள். மனுசன் ஆசைப்பட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

"எது உங்களுக்கு விருப்பமோ அத எடுங்க," என்றாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். புதிது வேண்டும், சொல்ல வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து வாசலில் உம்மாவின் குரல் கேட்டது.

"பாஹிமா, சுஹறாட மாப்பிள்ளயும் வேன் புதுசாத்தானே எடுத்தார்."

சுஹறா என் மூத்த ராத்தா. உம்மா இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நளீம் எழுந்து மரியாதையாக முற்றத்துக்குப் போய்விட்டான். மூத்த மருமகன் புதிது எடுத்தார், இளையவன் பழையதா எடுப்பது? அடுத்த நாளே நீல மெஷின் வீட்டுக்கு வந்தது. தெருச் சனம் வந்து தொட்டுப் பார்த்தது. ஆகிலா ஏறி உட்கார்ந்து ஹோர்ன் அடித்தாள். இரண்டு பேருக்கும் மனதில்லாமல் ஒரு மெஷின் வாங்கியதை என் வாழ்நாளில் அங்கேதான் கண்டேன். அதுவும் ஒருவர் மற்றவருக்காக.

சிறுபோகம், அதாவது மழையில்லாத காலத்து வெள்ளாமை, குளத்துத் தண்ணீரை நம்பியது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூட்டம் போட்டுத் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடிக்க வேண்டிய நாளையும் தீர்மானிப்பார்கள். பிந்தி விதைத்தவனின் பயிருக்குக் கடைசித் தண்ணீர் கிடைக்காது. ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு வயலில் முதல் உழவை எந்த மெஷின் இறக்குகிறதோ, மறு உழவும் அதற்குத்தான், அடுத்த போகமும் அதற்குத்தான். மாற்றிக் கூப்பிடுவது முகத்தை முறிப்பது மாதிரி. நளீமுக்கு நிறையப் பேர் வயல் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

உழவு தொடங்கிய முதல் வாரத்திலேயே நீல மெஷின் கரைவாகுச் சேற்றில் குந்திவிட்டது. முன் அச்சுக்குள் சேறு போய் ஒரு பற்சில்லு உடைந்திருந்தது. நானும் அவனும் கடைக்கு ஓடினோம். கடையில் மரியாதைக்குக் குறைவில்லை, குடிக்கப் பிளேன்டி கூடத் தந்தார்கள்.

"கேரன்டி இரிக்கி நானா, ஒரு சதமும் எடுக்கமாட்டம். சாமான் மட்டும் வரோணும்," என்றான் பெடியன்.

"எங்க இருந்து வரோணும்?"

"கொழும்புல இருந்து."

"கொழும்புல இரிக்கா?"

"அங்கயும் வரோணும் நானா."

வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வயல்காரர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து தலையைக் குனிந்துகொண்டு, "குறை நினைக்காத மகன், வெள்ளாமை பிந்திரும்," என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புண்ணியமூர்த்தியின் மெஸ்ஸியை அதே ஊர் கேதீஸ்வரன் வாங்கியிருந்தான். அது வந்து, நளீமுக்கு என்றிருந்த வயலெல்லாம் முதல் உழவு இறக்கியது.

நீல மெஷினைச் சேற்றிலிருந்து இழுத்து வெளியே எடுத்ததும் அதுதான். நளீமே கயிறு கட்டினான். மெஸ்ஸி ஒரு முறை உறுமியது, புது மெஷின் பின்னால் வந்தது. கேதீஸ்வரன் கூலி வாங்க மறுத்துவிட்டான்.

"நல்ல இழுவை," என்று நளீம் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வரம்பில் கால் கழுவுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபிறகு சாமான் வந்தது. சொன்னபடி ஒரு சதம்கூட வாங்காமல் போட்டுத் தந்தார்கள். அதற்குப் பிறகு நீல மெஷின் நன்றாகவே ஓடியது, பொய் சொல்லக்கூடாது. உழ வயல்தான் இல்லை. அடுத்த போகமும் சனம் மெஸ்ஸியைத்தான் கூப்பிட்டது. நளீம் கல் ஏற்றினான், மண் ஏற்றினான். அதற்கு ஊரில் ஏற்கெனவே ஆள் அதிகம். கையிலே ஒன்றும் மிச்சமில்லாததால் இன்னொரு போகம் பொறுத்துப் பார்க்கவும் வழியில்லை. கடைசியில் மெஷினை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தான்.

அவன் போகிற அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு உம்மா வீட்டுக்குப் போனேன். சுஹறா ராத்தாவின் மாப்பிள்ளை தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார். நான் பெட்டிக்குக் கயிறு கட்டினேன். பாஹிமா சட்டைகளை மடித்துத் தந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பழசையே எடுத்திருக்கலாம்," என்றான் நளீம், என்னிடம் சொல்வதுபோல. "இவளுக்குப் புதுசுலதானே விருப்பம்."

பாஹிமாவின் கை நின்றுவிட்டது. "எனக்கா? நான் எப்ப அப்பிடிச் சொன்ன?"

"நீ சொல்லல்ல. எனக்கு விளங்கின."

"எனக்குப் பழசுலதான் விருப்பம் இருந்த. பாதிக் காசு கையில நிண்டிருக்கும். ஒரு போகம் பிழைச்சாலும் நீங்க போகத் தேவல்ல எண்டு நினைச்ச நான். நீங்க ஆசையா அந்தக் கடதாசியக் கொண்டுவந்து வெச்சீங்க. எப்பிடி வேணாம் எண்டு சொல்ற?"

"வேணாம் எண்டு நீ சொல்லுவ எண்டுதான் வெச்ச நான்," என்றான் அவன்.

எனக்கு இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. ஒருவரை ஒருவர் நோகடிக்கக்கூடாது என்று எவ்வளவு பவுத்திரமாகப் பார்த்துப் பார்த்து இருந்திருக்கிறார்கள். கயிற்றை இன்னொரு முறை இறுக்கினேன். வேறு என்ன செய்ய?

நளீம் ஆகிலாவை முத்தமிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கினான். அப்போது உம்மா வாசலைத் தாண்டி முற்றத்துக்கே வந்துவிட்டார். நளீம் பழக்கத்தில் விலகப் போனான். உம்மா அவன் முன்னால் வந்து நின்றார்.

"மகன்," என்றார். "அண்டைக்கு நான் சொல்லி முடிக்கல்ல. அந்த வேன் வந்த நாளில இருந்து அதுக்குத் தவணைக் காசு கட்டுறதுக்கு ஓடி ஓடி, சுஹறா மாப்பிள்ளைய வீட்டில கண்டதே இல்ல. நீங்களும் அப்பிடி ஆகிராதீங்க எண்டுதான் சொல்ல வந்த நான். நீங்க எழும்பிப் போயிட்டீங்க."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து உம்மா அவனோடு நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை. நளீம் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. வெளியே சுஹறா ராத்தாவின் மாப்பிள்ளை நேரம் போகிறது என்று வேனில் ஹோர்ன் அடித்தார்.