தட்டாமல் எழுதிய வீடு

பயிற்சி நாளில் மேற்பார்வையாளர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கதவைத் தட்டணும். உள்ள போகணும். கண்ணால பாக்கணும். டி.வி. இருக்கான்னு கேட்டா போதாது, ஓடுதான்னு கேக்கணும். ஓடாத சாமான் சாமானே இல்ல, வெறும் பெட்டி. விளங்குதா?"

வார்டு அலுவலகத்தின் தற்காலிகக் கணக்கெடுப்பு வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். மூத்தவள் தலையாட்டியதோடு நிற்காமல் அதைக் குறித்தும் வைத்துக்கொண்டாள். அண்ணன் தம்பி இருவர் வாழும் வீட்டில் அவள் அண்ணன் மனைவி. தம்பி மனைவி இளையவள். தெருவிலும் அவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது.

மறுநாளிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையும் கையில் குடையுமாக மூத்தவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, யார் வேலைக்குப் போகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். மக்கள் பதில் சொல்லும் அழகே தனி.

"படிப்பு என்ன போடட்டும்?" என்று மளிகைக் கடைக்கார அம்மாளிடம் கேட்டாள்.

"தினமும் ரேடியோவுல செய்தி கேக்குறேன். அதைப் போடு."

"அதெல்லாம் போட முடியாதும்மா."

"அப்ப கேக்காத. உன் ஆபீசர் அவ்வளவு படிச்சுட்டு என்கிட்டதானே கடனுக்கு சிகரெட் வாங்குறார்."

முடிதிருத்துபவர் வீட்டில் பெரிய டி.வி. ஒன்று நடுக்கூடத்தில் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. மூத்தவள் துணியை விலக்கி, பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பேச்சு மூச்சு இல்லை. 'இல்லை' என்று எழுதினாள். முடிதிருத்துபவரின் முகம் வாடியதைப் பார்த்து, "டி.வி. இல்லன்னா உங்களுக்குத்தான் நல்லது அண்ணே, சலுகை ஏதாவது வந்தா முதல்ல உங்களுக்கு வரும்" என்று ஆறுதலும் சொன்னாள். யார் மனமும் நோகாமல் நடந்துகொள்ள வேண்டும் என்று காலையில் சாமி படத்தின் முன் நின்று வேண்டிக்கொண்டுதான் அவள் புறப்படுவாள். பெரும்பாலும் அப்படியே நடந்தும் கொண்டாள்.

அவள் தட்டாத கதவு ஒன்றே ஒன்று. அது அவளுடைய வீட்டிலேயே இருந்தது.

அந்த வீட்டை நடுவே பலகைத் தட்டி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் மூத்தவளும் பஸ் ஓட்டுநரான அவள் கணவனும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும். அந்தப் பக்கம் இளையவளும் அவள் மகள் சிட்டுவும். இளையவளின் கணவன் வெளியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். முற்றமும் குழாயும் பொது. அடுப்பு மட்டும் தனித்தனி.

அடுப்பு பிரிந்ததற்குக் காரணம் ஒரு பிரிட்ஜ். ஒரு கோடை தொடங்கும்போது கொழுந்தன் அதை வேனில் கொண்டுவந்து இறக்கினான். நீல நிறம். தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் மூத்தவள். மாமியாருக்குக் கடைசிவரை பணிவிடை செய்தவளும் அவள்தான். அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. அந்த நீலக் கதவைத் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

"ஆடம்பரம்தான். எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு நானும் பாக்கத்தானே போறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

அடுத்த வாரம் தட்டி வந்தது. அதன் பிறகு குழாயடியில் பார்த்தால் "சாப்பிட்டீங்களாக்கா", "ஆச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கணக்கெடுப்பு வேலை தொடங்கியதிலிருந்து இன்னொன்று நடந்தது. மூத்தவள் வெயிலில் வெந்து திரும்பும் மதியங்களில் அவள் வாசற்படியில் ஒரு சொம்பு இருக்கும். தட்டு போட்டு மூடிய குளிர்ந்த தண்ணீர். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

'பாத்தியா என் பிரிட்ஜைன்னு காட்டுறா' என்று மூத்தவள் நினைத்தாள். தொண்டை வறண்டு ஒட்டிக் கிடந்தாலும் ஒரு மடக்குக் குடித்ததில்லை. அப்படியே செடிக்கு ஊற்றிவிட்டு, காலிச் சொம்பைப் பொதுச் சுவர்மேல் வைத்துவிடுவாள். மறுநாளும் சொம்பு வரும்.

ஒருநாள் குழாயடியில் இளையவள் வழக்கத்தை மீறிக் கொஞ்சம் கூடப் பேசினாள்.

"அக்கா, பேக்டரியில தையல் வேலைக்கு எடுக்குறாங்களாம். எனக்கும் சொல்லியிருக்காங்க. சிட்டுவை எங்க விடுறதுன்னுதான் யோசனை. வார்டுல பிள்ளைங்க காப்பகம் வருதாமே?"

"வருது."

"நம்ம சிட்டுக்குக் கிடைக்குமாக்கா?"

"கணக்கு முடியட்டும். யாருக்குத் தேவையோ அவங்களுக்குத்தான்."

காப்பகம் வருவதற்கே அந்தக் கணக்குதான் காரணம். வார்டில் சின்னப் பிள்ளைகள் நிறைய. ஆனால் வேலைக்குப் போகும் தாய்மார்கள் குறைவு. பிள்ளையை விட்டுப்போக இடமில்லை என்று வீட்டுக்கு வீடு பெண்கள் சொன்னதை எழுதியவர்களில் மூத்தவளும் ஒருத்தி. கஷ்டப்படும் குடும்பங்களுக்கு முதலிடம். பிரிட்ஜும் வெளியூரில் நிரந்தரச் சம்பளமும் உள்ள வீடு வசதிப் பட்டியலில் போய்விடும். இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துதான் எழுதினாள். எல்லா வீடும் முடிந்த பிறகு, தன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடப்பதைக் கேட்டுக்கொண்டே, எழுந்து போகாமல் எழுதினாள். பிரிட்ஜ்: உண்டு. கணவர் வேலை: நிரந்தரம். பேனா ஒரு நொடி நின்றது. 'இதுல ஒரு எழுத்தாவது பொய்யா? தெருவே பாத்ததுதானே?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பொய் இல்லை என்று மனம் சொன்னது. ஆனால் முடிதிருத்துபவர் வீட்டு டி.வி.க்குக் காட்டிய கருணையை, உடன்பிறவாத தங்கையின் பிரிட்ஜுக்கு ஏன் காட்டவில்லை என்று அந்த மனம் கேட்கவில்லை. பொறாமை குடியேறிய மனம் அந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்காது.

மறுநாள் காலை வேண்டுதலுக்கு நின்றபோது மட்டும் சாமி படத்தை அவளால் நேராகப் பார்க்க முடியவில்லை. விளக்கைத் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

காப்பகப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்சேபம் இருந்தால் மறுநாள் மாலைக்குள் சொல்ல வேண்டும். இளையவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து முற்றத்தில் நின்றாள். முகத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் மூத்தவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சிட்டு பேரு இல்லக்கா."

"அப்படியா?"

"நம்ம வீட்டுக்கு யாருக்கா வந்து எழுதினாங்க? நான் இல்லாதப்ப வந்தாங்களோ?"

மூத்தவள் குழாயைத் திறந்தாள், மூடினாள். "நான்தான் எழுதினேன்."

"நீங்களா?" இளையவள் தன் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்க எங்க வீட்டுக்கு வரவே இல்லையேக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மூத்தவள் அடுப்படிக்கு வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். நறுக்கியது எதுவும் ஒரு அளவில் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் சிட்டு சிணுங்குவது கேட்டது.

"அம்மா, பூப்போட்ட கவுன் எங்க?"

"பிரிட்ஜுல மேல் தட்டுல இருக்கு, எடுத்துப் போடு."

"எட்டல!"

"அப்ப கீழ, காய்கறி டப்பாவுல உன் பழைய கவுன் இருக்கு பாரு. கதவை மெதுவா மூடு, கைப்பிடி கையோட வந்துடும்!"

மூத்தவளின் கத்தி நின்றது.

எழுந்தாள். முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போய், அடுப்பு பிரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அந்தக் கதவைத் தட்டினாள்.

சிட்டுதான் திறந்தது. உள்ளே சுவரோரம் நீலப் பிரிட்ஜ் நின்றது. அதன் வயரைச் சுருட்டிப் பின்னால் கட்டி வைத்திருந்தார்கள். திறந்த கதவுக்குள் அடுக்கடுக்காகத் துணிகள். முட்டை வைக்கும் குழிகளில் நூல்கண்டுகள். ஜன்னலோரம் ஈரத்துணி சுற்றிய ஒரு மண்பானை. பானையின் மேல் அவள் வாசலுக்குத் தினமும் வந்த அதே சொம்பு கவிழ்ந்திருந்தது.

"இது எப்ப நின்னுது?" குரல் அவளுக்கே வேறு யாருடைய குரலோ போலிருந்தது.

"வாங்கின கோடையிலேயே போயிடுச்சுக்கா. பழசை வாங்கிப் பெயின்ட் அடிச்சு ஏமாத்திட்டாங்க அவரை. பட்டறையும் மூடிட்டாங்க. இப்ப கிடைச்ச வேலைக்குப் போறார்."

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

இளையவள் சிட்டுவின் கவுனுக்குப் பொத்தான் போட்டபடி, நிமிராமல் சொன்னாள்: "எத்தனை நாளைக்கு ஓடுதுன்னு பாக்குறேன்னீங்களே. இத்தனை நாள்தான்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மூத்தவளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. வாயில் வந்தது, "கொஞ்சம் தண்ணி கொடு" என்பதுதான். இளையவள் சொம்பை நிமிர்த்தி மொண்டு கொடுத்தாள். மூத்தவள் நின்றபடியே முழுவதும் குடித்தாள். இத்தனை நாளும் செடிக்குப் போன தண்ணீர்.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளரின் மேசை முன் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தட்டாமலே எழுதினீங்களா? ஏம்மா, எல்லாரையும்விட உங்களைத்தான் நம்பினேன்!"

"தப்புதான் சார்."

"சொந்த வீடுன்னு சோம்பலா?"

சோம்பல் என்று ஒத்துக்கொண்டால் கௌரவமாக இருந்திருக்கும். "இல்ல சார். பொறாமை" என்றாள்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். ஆட்சேபத் தாளை வாங்கி முத்திரை குத்தினார். "இவங்க வீட்டுக்கு நானே வந்து பாத்துட்டு மாத்துறேன். ஆனா பட்டியல் திருந்தி வர அடுத்த மாசம் ஆகும். இன்னொண்ணு, நீங்க எழுதின எல்லா வீட்டுக்கும் மறுபடி போய்ச் சரிபாத்துக் கொடுங்க. அதுக்குக் கூலி கிடையாது."

"சரி சார்."

"வேலையை விட்டு நிறுத்தியிருக்கணும். நீங்களா வந்து சொன்னதால விடுறேன்."

அடுத்த மாதம் வரை தையல் வேலை காத்திருக்காது. அது மூத்தவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் இளையவளிடம், "நீ திங்கக்கிழமையே வேலையில சேந்துடு. சிட்டு என்கூட இருக்கட்டும்" என்றாள்.

"நீங்க தெருத்தெருவா வெயில்ல அலையணுமேக்கா, இவளை வேற எப்படி?"

"குடை பெருசுதான்."

இளையவளுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்ததும் மூத்தவளுக்கு வழக்கமான குரல் திரும்பிவிட்டது. "அழுது வடியாத. உம் மக என் இடுப்பை ஒடிச்சா உன்னைத்தான் கேப்பேன்."

திங்கட்கிழமை காலை இளையவள் இஸ்திரி போட்ட சேலையில், பேக்டரியின் அட்டை தொங்க, கைப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். நிரந்தர வேலை. மூத்தவளுடையதோ தற்காலிகம். நெஞ்சில் பழைய முள் சுருக்கென்றது. 'கடவுளே, இது என்னை விட்டுப் போகாது போலிருக்கே. நான் நல்லது செய்யறதையாவது இது தடுக்காம பாத்துக்கோ' என்று வாசலிலேயே நின்று வேண்டிக்கொண்டாள். பிறகு, "ஏய், பின்னால முந்தானை தரையில இழுபடுது பாரு" என்று கூப்பிட்டு, அவளே சரிசெய்து அனுப்பினாள். படியில் வைத்திருந்த சொம்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டாள்.

முதலில் மளிகைக் கடை. இடுப்பில் சிட்டு, தோளில் பை, கையில் குடை.

"மறுபடியும் வந்துட்டியா? இது யாரு, உன் ஆபீசரா?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"ஆமா. இவங்க இல்லாம நான் ஒண்ணும் எழுத மாட்டேன்."

கடைக்குள் குளிர்பானப் பெட்டியைப் பார்த்ததும் சிட்டு பெரியம்மாவின் கழுத்தைக் கட்டியிருந்த கையை விட்டுவிட்டு, அதை விரலால் சுட்டிக் காட்டியது.

"அதுல கவுன் வெச்சிருக்கீங்களா?"

கடைக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூத்தவள் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

"இல்லடி தங்கம், இது ஓடுது" என்று சொல்லி, சிட்டுவின் கையையும் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினாள்.