கரி படாத விருந்தாளி

கசாப்புக்காரன் பெர்ரானுக்கு அன்று ஒரே கவலைதான்: கரடிவேஷத் தோல் கைவிட்டுப் போகக் கூடாது. பிப்ரவரித் திருவிழாவில் ஆட்டுத்தோலைப் போர்த்து, உடம்பெல்லாம் கரியும் எண்ணெயும் பூசி, கோட்டையிலிருந்து பாய்ந்திறங்கி, அகப்பட்டவரையெல்லாம் மண்ணில் புரட்டிக் கரியாக்குவது அந்த மலையூர்க் கரடியின் உத்தியோகம். பல வருஷமாக அது அவனுடையது.

கோட்டையில் ஆட்கள் அவன் முதுகுக்குக் கரி பூசிக்கொண்டிருந்தபோது மேயர் வந்தார், மார்பில் நீலம், வெள்ளை, சிவப்பு மூவண்ணப் பட்டையோடு.

"இந்தா பாரு பெர்ரான். பாரிஸ்லேருந்து முசியே வோக்ளேர் வந்திருக்காரு. நம்ம கரடியப் பத்தித் தண்டி தண்டியா ரெண்டு புஸ்தகம் போட்டவரு. அவரு மேல ஒரு பொட்டுக் கரி படக்கூடாது. பட்டுச்சோ, அடுத்த வருஷம் தோலு உன் மச்சானுக்கு."

"மச்சானுக்கா? அவன் உறுமினா வாய் கொப்புளிக்கிற மாதிரியில்ல இருக்கும்! சரி, அந்தப் புஸ்தகக்காரரு கரடியப் பாத்திருக்காரா?"

"படிச்சவங்களுக்கு அதெல்லாம் எதுக்குடா?"

வோக்ளேரின் இரண்டாவது புத்தகத்தில் ஒரு கண்டுபிடிப்பு உண்டு: வெள்ளை உடுத்தியவர்மீது கரடி கரி பூசாது. உண்மைதான். ஏனென்றால் முகத்தில் மாவு அப்பி, வெள்ளை உடுத்தி வருபவர்கள் சவரக்காரர்கள். கரடியைத் துரத்திச் சங்கிலி போட்டுக் கோடரியால் மழிக்கிற கூட்டம். அவர்கள்மேல் கரடி கை வைக்காது. தடியும் காலும்தான். வெள்ளையை ஆராய்ந்த வோக்ளேர் அடியை ஆராய மறந்துவிட்டார்.

ஆகவே வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் குல்லா, முகத்தில் ஓட்டல் மாவு சகிதம் நீரூற்று அருகே நின்று மேயரின் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்கம்மா. இது வன்முறை இல்ல. வன்முறையோட உருவகம்."

சந்து முனையில் உருவகம் வந்து நின்றது. மேயரின் மனைவி ஓடிவிட்டாள்.

பெர்ரானின் பின்னால் சவரக்காரர்கள் சங்கிலியோடு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தனியாக ஒரு வெள்ளை உடை, வரவேற்பதுபோல் இரு கைகளையும் விரித்தபடி. சவரக்காரன் கை விரித்தால் 'வாடா பார்க்கலாம்' என்று அர்த்தம். பெர்ரான் போனான். தடி முழங்கால் எலும்பில் விழுந்தது. வோக்ளேர் குனிந்தார். நெஞ்சில் உதை. நீரூற்றுக் கல்லில் மூக்கு மோதிய சத்தம், வால்நட் உடைந்ததுபோல் தெருவெங்கும் கேட்டது. இரண்டு பற்கள் தண்ணீருக்குள் போயின.

"புதுச் சவரக்காரன் அசரலடா! எந்திரிடா, இன்னொண்ணு வாங்கு!" என்று மாடிகளிலிருந்து கைதட்டினார்கள். எழ முயன்றவருக்கு இன்னொன்று கிடைத்தது, விலாவில். அதற்குள் நிஜமான சவரக்காரர்கள் பெர்ரான்மேல் விழுந்து, மண்டையிலும் முதுகிலும் போட்டு, சங்கிலியை இறுக்கினார்கள். அவன் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

மேயர் ஓடி வந்து, "முசியே வோக்ளேர்!" என்று அலறியபோதுதான் அது யாரென்று பெர்ரானுக்குத் தெரிந்தது. தோல் போச்சு என்று நினைத்தான்.

மேயர் விருந்தாளியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். ரத்தம் இருந்தது. கரி இல்லை.

வோக்ளேர் விம்மினார். "மூக்கு போகட்டும். கரி எங்க? அடுத்த புஸ்தகத்துல கரியில்லாத என் போட்டோவ யாரு நம்புவா? ஓட்டல் படியில உருண்டேன்னு சிரிப்பாங்க!"

"பூசுடா பெர்ரான்," என்றார் மேயர்.

"ஒரு பொட்டுக் கரி படக்கூடாதுன்னு யாரோ சொன்னாங்களே."

மழிக்கக் காத்திருந்த கோடரிக்காரன் அவசரப்படுத்தினான். "சீக்கிரம் முடிவு பண்ணுங்க மேயரே. மழிச்சுட்டா இவன் மனுஷன். மனுஷன் கரி பூசினா போலீஸ் கேஸ்."

"சரிடா, தோலு உனக்குத்தான்!"

"மாடியில இருக்கவங்களுக்குக் கேக்கல."

மேயர் கத்தினார். மாடிகள் கைதட்டின.

"முதல்ல அந்த வெள்ளையக் கழட்டச் சொல்லுங்க. அவரு புஸ்தகத்துலயே இருக்கில்ல?"

பனிக்காற்றில் வோக்ளேர் உள்ளாடையோடு நின்றார், பல்லிழந்த வாயில் பெருமையோடு. சங்கிலி தளர்ந்ததும் பெர்ரான் பாய்ந்தான். கல்தரையில் மூன்று புரட்டு. ஒரு விலா எலும்பு நிச்சயம் போனது. கடைசியில் பாரிஸ்காரர் அடுப்பில் மறந்த ரொட்டி போல் கிடந்தார். சிரித்தார் என்றே சொல்ல வேண்டும்.

கண்ணிலிருந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பெர்ரான் நிமிர்ந்தான். கூட்டத்தின் ஓரமாக மேயரின் மூவண்ணப் பட்டை நழுவிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளை மூன்றில் ஒரு பங்குதான்.

கோடரிக்காரனிடம், "கொஞ்சம் பொறுடா," என்றான்.