அப்பாவின் போனுக்கு மட்டும்

எங்கள் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை, பார்க்கிற லட்சணமும் இல்லை. அப்பா முப்பது வருடம் சூளை மேஸ்திரியாக இருந்த பீங்கான் கம்பெனியின் ஆபீசில் வேண்டாம் என்று ஒதுக்கிய டப்பா அது. மூடியைக் கழற்றினால் ஃபேன் இறக்கை மேல் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை மண் தூசி. பெயிண்ட் பிரஷால் துடைத்து, ராம் போட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டி, லினக்ஸ் ஏற்றினேன். மாதா காலடியில் ஏன் வைத்தாய் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக் அங்கேதான் இருக்கிறது. மாதாவுக்கு சீரியல் லைட், எனக்கு சர்வர், பக்தியெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது.

என் பெயர் அருள்ஜோதி, வயது முப்பத்து நான்கு. சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர்களை விருத்தாசலத்தில் உட்கார்ந்தபடியே மேய்ப்பதுதான் பிழைப்பு. ஊரான் வீட்டு டேட்டாவையெல்லாம் கட்டிக் காப்பாற்றுகிறவள், சொந்த வீட்டு போட்டோக்களைக் கொண்டுபோய் எவனோ ஒரு அமெரிக்காக்காரனிடம் கொடுத்து வைத்திருக்கிறோமே என்று ஒருநாள் ரோஷம் வந்துவிட்டது. அம்மா இறந்து நான்கு வருடம். அவள் போட்டோவும் அதில்தான் கிடந்தது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்பாவுக்கு சர்வர் என்றால் என்ன என்று விளக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சவரிராஜ் மேஸ்திரியிடம் உலகத்தில் எதைச் சொன்னாலும் சூளையில் கொண்டுபோய்த்தான் நிறுத்துவார்.

"அணைக்கவே கூடாதா? சூளை மாதிரியா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப அடியில காத்து போவணும்," என்று சொல்லிவிட்டு மறுநாளே டிவிஎஸ்ஸில் சூளைச் சுவருக்கு வைக்கிற தீக்கல் நான்கு கொண்டுவந்தார். டப்பா இன்றும் அந்தக் கல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தினமும் காலையில் அதன் தலையில் உள்ளங்கையை வைத்து, "இன்னிக்கு நாப்பது டிகிரி இருக்கும்" என்பார். நான் கமாண்ட் அடித்துப் பார்த்தால் நாற்பத்தொன்று என்று காட்டும். அவ்வளவு எரிச்சலாக இருக்கும்.

அப்புறம் விளம்பரங்களை வடிகட்டுகிற ஒரு புரோகிராமையும் அதில் போட்டேன். வீட்டில் எந்தப் போன் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அதன் விலாசத்தை முதலில் என் சர்வரிடம்தான் கேட்க வேண்டும். வேண்டாத விலாசமாக இருந்தால் சர்வர் தெரியாது என்று கைவிரித்துவிடும். அதைப் பற்றி அப்பாவிடம் பெருமையாக ஒரு பிரசங்கமே வைத்தேன்.

"இனிமே வூட்ல விளம்பரம் வராதுப்பா. நீங்க என்னா பாக்குறீங்கன்னு ஒரு பயலுக்கும் தெரியாது."

"ஒரு பயலுக்கும் தெரியாதா?"

"தெரியாது. போனுக்கு டேட்டாவும் போடாதீங்க. பேசுறதுக்கு மட்டும் போட்டா போதும், வூட்லதான் வைஃபை இருக்குதே."

அப்பா முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. விளம்பரம் வராததற்கு இத்தனை சந்தோஷமா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எந்தப் போன் எந்த விலாசம் கேட்டது என்று அந்தப் புரோகிராம் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கும். உள்ளே போய் என்ன படித்தார்கள், என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது. எந்தக் கதவைத் தட்டினார்கள் என்பது மட்டும் இருக்கும். அந்த நோட்டை நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது, நான் நிறுத்தவில்லை. ஊருக்குத்தானடி உபதேசம் என்பார்களே, அந்த ஜாதி நான்.

ஒரு சனிக்கிழமை காலை டிவி திக்கித் திக்கி ஓடியது. என்ன கோளாறு என்று நோட்டைத் திறந்தேன். டிவியில் கோளாறு ஒன்றும் இல்லை. ஆனால் அப்பாவின் போன் ஒரே கதவை ஒரே நாளில் இருநூற்றுச் சொச்சம் தடவை தட்டியிருந்தது. அது ஒரு கல்யாணத் தளம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏற்கெனவே ஆறு பேரைத் துரத்தியாகிவிட்டது. ஆறாமவன், 'பொண்ணு எப்பப் பாத்தாலும் கம்ப்யூட்டரையே பாக்குது' என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுப் போனவன். ஏழாமவனை எப்படித் துரத்துவது என்று மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டே அந்தத் தளத்தைத் திறந்தேன். துணையை இழந்தவர்களுக்கு, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு மாப்பிள்ளை தேடவில்லை, மாப்பிள்ளையே அவர்தான்.

அந்த நேரத்தில் மாப்பிள்ளை அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அழப் பிடிக்காததால் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். அறுபத்தொரு வயதில் இந்த மனுஷனுக்கு என்ன கேடு? அம்மாவின் டம்ளரில் இன்னொருத்தி காப்பி குடிப்பாளா? எல்லாவற்றுக்கும் அடியில், நான் இவருக்குப் போதவில்லையா என்ற கேள்விதான் வலித்தது. அதை அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு வரி எழுதினேன். அந்தத் தளம் திறக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இல்லை, அப்பாவின் போனுக்கு மட்டும். எண்டர் தட்டினேன். ஒரு கொசுவை அடிக்கக்கூட அதைவிட நேரமாகும்.

அன்று மத்தியானமே அப்பா போனை அணைத்து அணைத்துப் போட்டார். சர்வர் பக்கத்தில் கொண்டுபோய் நீட்டிப் பார்த்தார். அதன் தலையில் கை வைத்துச் சூடு பார்த்தார்.

"ஜோதி, நெட்டு நல்லா இருக்குதா?"

"சூப்பரா இருக்குதுப்பா."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் நாள் தொண்ணூறு தடவை தட்டியிருந்தார். அடுத்த நாள் அறுபது, அப்புறம் முப்பது, அப்புறம் நான்கு. காய்ச்சல் இறங்குவதைப் பார்க்கிற நர்ஸ் மாதிரி எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாட்களில்தான் அப்பா சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார், சர்வரைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தினார், சவரம் செய்யாமல் திரிந்தார். அதெல்லாம் என் நோட்டில் ஏறவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் நாலரைக்கு அப்பா முகம் மழித்து, பவுடர் பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார்.

"எங்கப்பா?"

"சும்மா, காலாற."

மறுநாளும் அதே நேரத்துக்குக் கிளம்பினார், அதற்கு மறுநாளும். காலாற நடக்கிறவனுக்குப் பவுடர் எதற்கு? நான்காவது நாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ஜங்ஷனுக்குள் போனார். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு நானும் போனேன். வரட்டும் அந்த மகராசி, ரயிலை விட்டு இறங்குகிற கையோடு திருப்பி ஏற்றி அனுப்புகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன்.

மகராசி யாரும் இல்லை. பிளாட்பாரக் கோடியில் ஒரு பெஞ்சில் அப்பா தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிடவில்லை. நகர்ந்து இடம் விட்டார்.

"வா, ஒக்காரு. இங்க ஓசியில நெட்டு வுடுறான். அரை மணி நேரம்."

"நெட்டு வூட்லதான் இருக்குதேப்பா."

"நம்ம வூட்டு நெட்டுல ஒண்ணு மட்டும் தெறக்க மாட்டேங்குது. மொதல்ல போனு ரிப்பேருன்னு நெனச்சேன். அப்புறம் அவங்கதான் என்னைய வேணாம்னு சாத்திட்டாங்கன்னு நெனச்சிட்டேன். ஒரு வாரம் மனசே சரியில்ல. இங்க வந்து பாத்தா தெறக்குது."

யார் அவங்க என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். பெயர் அன்னமேரி. அரியலூர் பக்கம், ஹாஸ்டல் வார்டன், ஐம்பத்து நான்கு வயது, புருஷன் போய் ஆறு வருடம். இரண்டு மாதமாக அந்தத் தளத்திலேயே எழுதிப் பேசிக்கொள்கிறார்கள். நம்பர்கூட இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

"நெட்டு வரலன்னு எங்கிட்ட கேக்கறதுதானே?"

"எந்த சைட்டு வரலன்னு நீ கேப்பியே. நான் என்னான்னு சொல்லுவேன்?" அப்பா போனைத் துடைத்தார். "ஒரு பயலுக்கும் தெரியாதுன்னு நீ சொன்னியே, அந்தத் தைரியத்துலதான் அதுல பேரே குடுத்தேன்."

நான் எதற்கும் எதிர்வாதம் பேசக்கூடியவள். ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜரே என்னிடம் வாய் கொடுக்க மாட்டான். அந்த பெஞ்சில் வாதத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"ப்பா, நெட்டு கெடல. நான்தான் நிறுத்துனேன்."

"எத?"

"அந்த சைட்ட. உங்க போனுக்கு மட்டும்."

"நான் அதப் பாக்குறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாத்தையும் அந்தப் பொட்டி எழுதி வைக்கும்ப்பா."

"பொட்டி எழுதும். படிச்சது யாரு?"

"நான்தான்."

ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது முழுக்கக் கடந்து போகிறவரை அப்பா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அவர் திட்டவில்லை.

"அமெரிக்காக்காரன் பாத்திருந்தா எனக்கென்னா? அவன் யாரோ எவனோ. நாளைக்கி எதிர்ல ஒக்காந்து சோறு திங்கப் போறவனா? நீ எம்மவ, ஜோதி."

என் போனை எடுத்து, அங்கிருந்தே வீட்டு சர்வருக்குள் போய், அந்த வரியை அழித்தேன். நோட்டையும் நிறுத்தினேன். "எடுத்துட்டேன்ப்பா. இனிமே அது எழுதாது."

"அதையும் நீ சொல்லித்தான எனக்குத் தெரிய வேண்டியிருக்குது," என்றார் அப்பா.

அதற்குமேல் அழுகையை என்னால் மாற்ற முடியவில்லை. சமோசாக்காரர் பார்க்கிறார் என்று தெரிந்தும் அழுதேன். "அம்மா இருந்த எடத்துல..." என்று ஆரம்பித்து, முடிக்க வரவில்லை.

"ஒங்கம்மா எடத்த யாரு கேட்டா? அது பாட்டுக்கு அங்கியேதான் இருக்குது. நீ காலைல காதுல ஹெட்போன மாட்டுனா சாயங்காலம்தான் கழட்டுற. தப்பு சொல்லல, அது ஒன் வேல. எனக்கு நாளெல்லாம் அந்தப் பொட்டியோட சூட்டத் தொட்டுப் பாக்கறதத் தவிர வேற என்னா இருக்குது?"

அப்பா போனை என் பக்கம் திருப்பினார். அன்னமேரி கடைசியாக எழுதியிருந்த ஒரு வரி அதில் இருந்தது. நான் எண்டர் தட்டிய அதே சனிக்கிழமை, மத்தியானம் எழுதியது.

'உங்கள் மகளுக்கு இது தெரியுமா?'

"அவங்க கேட்டு பதினோரு நாளாவுது. நான் பாத்து நாலு நாளாவுது," என்றார். "தெரியும்னு எழுதுனா பொய்யி. தெரியாதுன்னு எழுதுனா அவங்க ஒதுங்கிடுவாங்க. அதான் மொதல்ல ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெனம் இங்க வந்து ஒக்காந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, 'தெரியும்' என்று தட்டினார். அதற்குக் கீழே தன் நம்பரையும் போட்டு, பேசுவதென்றால் கூப்பிடுங்கள் என்று எழுதி அனுப்பினார். அறிவிப்பில் ஏதோ ஒரு வண்டி இருபது நிமிஷம் தாமதம் என்றார்கள்.

போன் அடித்தது. புது நம்பர். அப்பா எடுக்கவில்லை, அடிக்கிற போனை அப்படியே என் கையில் வைத்தார்.

"எப்படித் தெரியும்னு கேப்பாங்க. எனக்குச் சொல்ல வாய் வராது. நீயே சொல்லு."

பச்சைப் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கத்தில் தயங்கித் தயங்கி ஒரு பெண் குரல். "அலோ, சவரிராஜ் சாருங்களா?"

"இல்லைங்க, அவரு பொண்ணு பேசறேன்," என்றேன். "பதினோரு நாளா அவரு பதில் போடாததுக்குக் காரணம் நான்தாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் கட் பண்ணாமக் கேக்குறீங்களா?"