லாபம், ரெண்டு

காலையில் எழுந்ததும் கிணற்றில் இரண்டு குடம் நீர் இறைக்கிறேன். அடுப்பு மூட்டுகிறேன். உலை கொதித்ததும் அரிசியை ஆழாக்கால் அளந்து போடுகிறேன். நெல்லோ அரிசியோ, எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் அளவை ‘ஒன்று’ என்று சொல்வதில்லை. ‘லாபம்’ என்பார்கள். அடுத்தது ‘ரெண்டு’. முன்பு இந்த வீட்டில் லாபம், ரெண்டு என்று அளப்போம். இப்போது லாபத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சோற்றில் மோர் ஊற்றித் தூக்கில் எடுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போகிறேன்.

என் மனைவி தையல்நாயகி, விக்கிரவாண்டிப் பக்கத்துக் குத்தகைக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவி. அவள் ஐந்தாவது வரை படித்தவள். நான் பி.ஏ. சங்கத்துக்காக ஒரு மனு எழுதிக் கொடுக்கப் போன இடத்தில்தான் முதலில் பார்த்தேன். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். “தமிழ் நல்லாத்தான் கீது சார். ஆனா நாம தாசில்தாரைக் கேள்வி கேக்குறமா, மன்னிப்பு கேக்குறமான்னுதான் புரியல” என்றாள். திருத்தி எழுதினேன். அடுத்த வைகாசியில் கல்யாணம்.

அதற்கடுத்த தை மாதம் அரங்கநாதன் பண்ணையாரின் களத்தில் நெல் அளந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் வரை அவரிடம் இரண்டு மரக்கால்கள் இருந்தன. வாங்க ஒன்று, கொடுக்க ஒன்று. சங்கம் போராடி ஒரே மரக்கால், தலை தட்டித்தான் அளக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்திருந்தது. புதுச் சட்டப்படி பண்ணையாருக்கு இரண்டு கலம் அளந்தால் பயிரிட்டவருக்கு மூன்று கலம். எல்லாம் சரி. ஆனால் சச்சரவு வந்தால் நெல்லை முடக்கிவைக்கலாம் என்று அவர் இரண்டு போலீஸ்காரர்களை வரவழைத்துக் களத்து மேட்டில் நிறுத்தியிருந்தார். முதல் குவியல் குத்தகைக்காரர் துரைக்கண்ணுவுடையது. அவர் வீட்டில் குதிர் காலி. அந்த நெல் அன்றே வீடு சேர வேண்டும்.

பண்ணையார் பங்கை அவருடைய ஆள் சின்னதுரை அளந்தார்.

“லாபம்... ஒண்ணு... ரெண்டு...”

பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். விழுந்தது பதின்மூன்று. திருட்டு மரக்காலிலிருந்து சொல்லுக்கு மாறியிருந்தது.

“இன்னாம்மா, பகக்கொள்ளையா கீதே!” என்று துரைக்கண்ணு துண்டை உதறினார். மேட்டில் போலீஸ்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

“சும்மா இரு மாமா. அண்ணன் அளக்கட்டும்” என்றாள் தையல்.

இரண்டாவது கலமும் அப்படியே முடிந்தது. அடுத்து துரைக்கண்ணுவின் பங்கு. தையல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினாள்.

“கை வலிக்கும்ணே. குடு, இத நான் அளக்கறேன்.”

மரக்காலை வாங்கி முக்கி எடுத்து, தலை தட்டி, ஊருக்கே கேட்கும்படி இழுத்தாள். “லாபமோ... லாபம்! ஒண்ணு...”

அரங்கநாதன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “ஏய், நிறுத்து! லாபம்னாலே ஒண்ணுதானே? அதுக்கு மேல ஏது இன்னொரு ஒண்ணு?”

“அப்படிங்களா ஐயா? எனக்கு இன்னா தெரியும்? அண்ணன் எண்ணிக்கினு இருந்தாரு, அதப் பாத்து நானும் எண்ணினேன்.”

“லாபம்னா ஒண்ணுதான்!”

“இன்னொரு தபா சொல்லுங்கய்யா. மேட்டுல நிக்கிறவங்களுக்குக் கேக்கல.”

முதலில் சிரித்தது சவுரியம்மாள். நெல் தூற்றிக்கொண்டிருந்தவள் முறத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு களமே சிரித்தது. மூத்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார். சின்னதுரைகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பண்ணையார் பங்கிலிருந்து இரண்டு மரக்கால் எடுத்துக் குவியலில் திரும்பப் போட்டார். நான் சட்டப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்படி அதற்கு முன் சிரித்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாக் குவியலும் அளந்தாயிற்று. மறுநாள் விழுப்புரத்தில் சங்கத்தின் ஊர்வலம். வேறு கோஷம் எழுதிக் கொடுத்திருந்தேன். யாரும் அதைச் சொல்லவில்லை. கடைத்தெரு முழுக்க, “லாபம்னா ஒண்ணுதான்! லாபம்னா ஒண்ணுதான்!” வேர்க்கடலை மூட்டை அடுக்கிய மல்லாட்டை மண்டி வாசலில் ஒருவர் தையல்நாயகியை நிறுத்தி, “இன்னாம்மா இது, யாவாரிங்க சங்கமா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. இத்தினி நாளா நஷ்டப்பட்டவங்க சங்கம்.”

பிறகும் அவள் அப்படித்தான் இருந்தாள். மறியலில் பிடித்து வேலூர் ஜெயிலில் போட்டார்கள். திரும்பி வந்தபோது கன்னம் சற்று உப்பியிருந்தது. “உங்க சமையலுக்கு அந்தக் கேப்பைக் களி தேவலாம்” என்றாள். நான் சமைத்து வைத்திருந்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

போன ஐப்பசியில் காமாலை வந்தது. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மீளவில்லை.

இரங்கல் கூட்டத்தில் சங்கச் செயலாளர் அந்தோணிசாமி பேசினார். “சங்கத்தைக் காப்பாற்றுங்கள், அதுதான் அந்தத் தாயின் கடைசி வார்த்தை” என்றார். எல்லோரும் அழுதார்கள். துண்டுப் பிரசுரத்திலும் அதையே அச்சடித்தார்கள். நல்லவர். நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டிலருகே இருந்தது நான்.

விடியற்காலை. இருதயமேரி என்ற நர்ஸ் மருந்து கொண்டுவந்தார். வேளைக்கு இரண்டு அளவு. சின்னக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஒண்ணு” என்றார்.

தையல் கண்ணைத் திறந்தாள்.

“லாபம்னு சொல்லும்மா.”