எட்டாம் நம்பர் சப்பாத்து

புஷ்பவள்ளிக்கு அப்பாவின் கால். நீளம். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க மொகத்தப் பாக்க முந்தி இதத்தான் பாப்பாங்க" என்று அம்மா கேலி செய்வாள். இரண்டு தடவை பெண் பார்க்க வந்தார்கள். காலைப் பார்த்தார்களோ என்னவோ, அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அம்மா இறந்து ஒரு வருஷமாகிறது. பினாங்குப் பாலம் திறந்த மூன்றாவது வருஷம் அது. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில், பத்தாவது மாடியில், ஒற்றை அறை வீட்டில் புஷ்பவள்ளி தனியாக இருந்தாள். பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. சோதனைக் குழாய்களைக் கழுவுவாள், அமிலங்களை அளந்து வைப்பாள். மாணவர்கள் அவளை "மிஸ்" என்பார்கள். பெயர் யாருக்கும் தெரியாது.

அம்மா காலை ஐந்தரைக்கு இருமிக்கொண்டு எழுந்திருப்பாள். அந்த இருமல் இல்லாத ஐந்தரை மணியைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் புஷ்பவள்ளி ஓட ஆரம்பித்தாள். இருட்டோடு இறங்கி, ஆயர் ஈத்தாம் சந்தை வரை ஓடி, விடியுமுன் திரும்பிவிடுவாள். ஓடும்போது தன் மூச்சுச் சத்தமாவது காதில் விழும்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போடும் வெள்ளைக் கித்தான் சப்பாத்தைத்தான் போட்டு ஓடினாள். ஒன்பது மாதத்தில் மூன்று ஜோடி போய்விட்டது. ஆய்வுக்கூடத்து அளவுகோலால் ஒருநாள் குதிகாலை அளந்து பார்த்தாள். வெளிப்பக்கம் மாதம் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்துகொண்டிருந்தது. முழங்காலும் வலிக்கத் தொடங்கியது. இனி ஒரு நல்ல ஜோடி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

சௌரஸ்தா சந்தைக்கு எதிர்வரிசையில் முகம்மது கனியின் கடை. உள்ளே நுழைந்ததும் அவர் கேட்டார்:

"யாருக்கு வேணும், தங்கச்சி?"

"அண்ணனுக்கு" என்றாள் புஷ்பவள்ளி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணன் ஜொகூரில் இருக்கிறான், ஓடுகிறவன் அல்ல.

"என்ன நம்பரு?"

"எட்டு."

"ஓடுறதுக்கா, சும்மா நடக்கவா?"

"ஓட. தினமும். தார் ரோட்டில."

"அப்ப பழைய சப்பாத்தப் பாக்கணுமே. கொண்டாந்தீங்களா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கனி கித்தான் சப்பாத்தைப் புரட்டி, தேய்ந்த குதிகாலைப் பார்த்தார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"அண்ணன் காலும் தங்கச்சி காலும் ஒரே அளவு போல. உக்காருங்க லா. அண்ணனுக்குப் பதிலா நீங்களே போட்டுப் பாருங்க."

புஷ்பவள்ளி காது சிவக்க உட்கார்ந்தாள்.

பெண்கள் சப்பாத்து ரோஸ் கோடு போட்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏழாம் நம்பரோடு நின்றுவிட்டது. அடிப்பாகமும் மெல்லிசு. வெளிநாட்டு ஜோடி ஒன்றை அவரே ஒதுக்கி வைத்தார். "இதுல பாதிக் காசு பேருக்கு." கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். கறுப்பு, ஆண்கள் சப்பாத்து. கனத்த ரப்பர் அடி.

"சப்பாத்து மூக்கப் புடிச்சு வளைங்க. வெரலு மடங்குற எடத்துல வளையணும். நடுவுல மடிஞ்சா அது அட்ட. சரி, உள்ள கைய விட்டுத் தடவுங்க. தையல் இருக்கா?"

"இருக்கு."

"தையல் இல்லாம வெறும் பசைன்னா நம்ம பினாங்கு ஈரத்துக்கு ஆறே மாசத்துல வாயப் பொளந்துரும்."

அவள் நகத்தால் ரப்பரை அழுத்தினாள். பள்ளம் உடனே நிரம்பிவிட்டது. காலை நுழைத்து எழுந்து நின்றாள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் மிச்சம். வளர்ந்த பிறகு அவள் காலை இடிக்காத முதல் சப்பாத்து.

"முப்பத்தஞ்சு வெள்ளி" என்றார் கனி. அவள் பணத்தை எண்ணினாள். "என்னம்மா, வெல பேச மாட்டீங்களா? பேசாம குடுத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. முப்பது குடுங்க."

கட்டிக் கொடுக்கும்போது சொன்னார்: "ஓடிட்டு வந்து வெயில்ல வைக்காதீங்க, பச விட்டுரும். பூட்டியும் வைக்காதீங்க, பூஞ்ச புடிக்கும். உள்ள பேப்பரச் சுருட்டித் திணிச்சு, காத்தாட வெளிய வைங்க. ரெண்டு வருஷம் ஒழைக்கும். எட்டு நம்பர எவனும் திருட மாட்டான்."

அவர் சொன்னபடியே செய்தாள். பழைய கித்தான் சப்பாத்து குளியலறை ஓரத்தில் கிடக்கும். புதியது வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், இரவும் பகலும் இருந்தது.

அந்த மாடியில் வாசலைப் பார்த்தாலே வீட்டு நிலவரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் செருப்பும் சப்பாத்தும் கிடக்கும். எந்த வீட்டு மருமகன் வந்திருக்கிறான், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டிருக்கிறது, எல்லாம் கதவைத் தட்டாமலே தெரியும். புஷ்பவள்ளியின் வாசலில் ஒரு வருஷமாக ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான். மாலை ஆறரை மணிக்கு மட்டும் இரண்டு ஜோடி.

இரண்டாவது ஜோடி பக்கத்து வீட்டு நல்லம்மாளுடையது. அவள் வீட்டில் அந்த நேரத்தில் ஆண்கள் எல்லாம் டிவியில் குஸ்தி பார்ப்பார்கள். வானொலி நாடகம் கேட்க இங்கே வந்துவிடுவாள். ஒரு தட்டு தட்டி, "புஷ்பம், தொறந்துரு, ஆரம்பிச்சிருவான்" என்பாள். கையில் சொந்த டம்ளர் இருக்கும், தேநீர் இங்கே. அரை மணி நேரம் நாடகத்து மாமியாரைத் திட்டிவிட்டுப் போவாள். ஒரு நாளில் புஷ்பவள்ளியின் கதவை யாராவது தட்டுவது அந்த ஒரு தடவைதான்.

சப்பாத்து வந்த வாரம் அந்தத் தட்டு நின்றுபோனது.

முதல் நாள், உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள். இரண்டாம் நாள் சுவருக்கு அப்பால் நல்லம்மாளின் குரல் நன்றாகவே கேட்டது. மூன்றாம் நாள் தேநீர் ஆறி ஆடை கட்டியது. நான்காம் நாள் லிப்ட் வாசலில் எதிரே பார்த்தபோது, "அக்கா, நாடகத்துக்கு வரலியா?" என்று கேட்டேவிட்டாள்.

நல்லம்மாள் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தாள். "எதுக்கு லா எடைஞ்சல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எந்த இடைஞ்சல்? புஷ்பவள்ளி யோசித்தாள். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை தவறினால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வழக்கம். ஒருநாள் தேநீரில் சர்க்கரையைக் கூட்டினாள். மறுநாள் வானொலியைச் சத்தமாக வைத்தாள். அதற்கு மறுநாள் கதவைப் பாதி திறந்தே வைத்தாள். யாரும் வரவில்லை. நாடகத்து மாமியார் திட்டுவார் இல்லாமல் கொடுமை செய்துகொண்டிருந்தாள்.

தாழ்வாரமும் ஏனோ அமைதியாகிவிட்டது. மாலையில் பந்து அடிக்கும், அதே மாடியில் குடியிருக்கும் சல்மாவின் மகள் இப்போது படிக்கட்டுப் பக்கம் போய் அடித்தாள். புஷ்பவள்ளியின் கதவைத் தாண்டும்போது பெண்கள் பேச்சைத் தணித்தார்கள். கேஸ் கொண்டு வருகிறவன் முன்பெல்லாம் கதவில் சாய்ந்துகொண்டு, "தனியாவா இருக்கீங்க?" என்று பல்லைக் காட்டுவான். இந்தத் தடவை சிலிண்டரை வாசலிலேயே இறக்கிவிட்டு, "வரேங்கக்கா" என்று நழுவிவிட்டான். அது ஒன்றுதான் நிம்மதி.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்து வரும்போது சல்மாவின் மகள் அவள் வாசல் முன்னால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். சல்மா ஓடி வந்து பந்தைப் பிடுங்கினாள்.

"எத்தன வாட்டி சொன்னேன்? அங்கிள் தூங்குறாருல்ல!"

"எந்த அங்கிள்?" என்றாள் புஷ்பவள்ளி.

சல்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். "உங்க வீட்டு அங்கிள்தான் லா. நைட் ஷிப்ட்டுன்னு நல்லம்மா அக்கா சொன்னாங்க. பகல்லயும் சப்பாத்து கெடக்கே. நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கலக்கா. ரிஜிஸ்டர் பண்ணிருப்பீங்க, மெதுவா சொல்வீங்கன்னு இருக்கோம்."

புஷ்பவள்ளி சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எளிய தவறுதான். சப்பாத்தை உள்ளே எடுத்து வைத்தால் போதும். ஆனால் எடுத்துவிட்டால், அந்த ஆள் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்பார்கள். அவர்களிடம் சொல்லிவிடலாம் என்றால், அப்படி யாரும் இல்லை என்று வாயால் சொல்ல வேண்டும். இத்தனை நாள் எல்லோருக்கும் தெரிந்ததை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. இப்போது ஒருமுறை சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் அதைச் சொல்லிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால்கூட வரவில்லை. வியாழன் இரவு தூங்குமுன், நைட் ஷிப்ட்டில் வேலை செய்யும் எட்டாம் நம்பர்க் கால்காரன் எப்படியிருப்பான் என்று கொஞ்ச நேரம் யோசித்தாள். கால் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் அவள் காலாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாடகத்துக்குக் கடைசி நாள். எட்டு மாதம் கேட்ட நல்லம்மாள் முடிவைக் கேட்காமல் போகக் கூடாது என்று புஷ்பவள்ளி நினைத்தாள். ஆறு இருபதுக்கு வாசலில் உட்கார்ந்து, பேப்பர் சுருளை உருவிவிட்டு, சப்பாத்தை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினாள். எட்டடி நடந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவை அவள் தட்டுவது அதுதான் முதல் தடவை.

நல்லம்மாள் திறந்தாள். முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள். நெடுநேரம் கீழேயே பார்த்தாள்.

"அட முருகா. இது ஒன் காலா?"

"என் சப்பாத்துதான்க்கா. காலையில ஓடுறதுக்கு. காத்தாட வெளிய வைக்கச் சொன்னாங்க."

"அப்ப உள்ள?"

"உள்ள யாரும் இல்ல."

சொல்லிவிட்டாள். உள்ளே டிவியில் யாரோ யாரையோ தூக்கி எறிந்தார்கள், நல்லம்மாள் வீட்டு ஆண்கள் கூவினார்கள். நல்லம்மாளின் முகம் மெல்ல வாடியது. அதை மட்டும் புஷ்பவள்ளி எதிர்பார்க்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு கோவந்தான். ஆனா சந்தோசமா இருந்துச்சு பிள்ள. தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன், ரெண்டு பேரும் நல்லாருக்கணும்னு."

"ஒரு ஆளுக்கு ஒடைங்களேன்."

நல்லம்மாள் சட்டென்று சிரித்துவிட்டாள். "எம்மாம் பெரிய காலு! ஒங்கம்மா சொன்னப்ப நம்பல. இரு, டம்ளர எடுத்தாரேன். ஆரம்பிச்சிருவான்."

நாடகத்தில் மாமியார் மனம் திருந்தினாள். நல்லம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "எட்டு மாசம் திட்டினது வீணாப்போச்சே" என்று எழுந்தாள். அடுத்த நாடகம் எப்போது என்று வானொலியில் சொல்லவில்லை. அவளும் நாளை வருகிறேன் என்று சொல்லவில்லை. புஷ்பவள்ளி வாசல் வரை வந்து, சப்பாத்தை உள்ளே வைக்கக் குனிந்தாள்.

"வெளியவே கெடக்கட்டும்" என்றாள் நல்லம்மாள். "கேஸ்காரன் ஒழுங்கா இருக்கான்ல?"

"இருக்கான்."

"பெறவு என்ன? மத்தவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் டம்ளரோடு போனாள். புஷ்பவள்ளி பேப்பரைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் திணித்து, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். வெளியே பந்துச் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. உடனே நல்லம்மாளின் குரல்: "ஏய், அங்க அடிக்காத! அங்கிள் தூங்குறாரு!"

பந்து நின்றது. தாழ்வாரம் அடங்கியது. சுவரில் கடிகாரம் மட்டும் கேட்டது.

புஷ்பவள்ளி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அடிக்கட்டும்க்கா" என்றாள். "எழுந்தாச்சு."

சிறுமி அம்மா இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தைத் தட்டினாள். கதவைச் சாத்தாமல், அது தரையில் விழுந்து விழுந்து எழுவதைப் புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டிருந்தாள்.